கிளாம்பாக்கத்தில் இறங்கினால்... சென்னைக்குள் டிக்கெட் கணக்கு!

செஞ்சிப் பக்கத்திலிருந்து நள்ளிரவுக்கு மேல் புறப்பட்ட பஸ், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குள் நுழையும்போது இன்னும் விடியவில்லை. இரண்டு ஏக்கரில் மல்லாட்டையும் நெல்லும் மாற்றி மாற்றிப் போடும் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் அந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஆஸ்பத்திரி நோட்டு, பழைய பரிசோதனைச் சீட்டுகள், தூக்குச்சட்டியில் புளிச்சோறு.

மனைவிக்கு இதய சிகிச்சை நடக்கிறது. மாதம் ஒருமுறை சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வர வேண்டும். டாக்டரிடம் காட்டி, அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டால்தான் அன்றைக்கே வேலை முடியும். நேரம் தவறினால் இன்னொரு நாள் வர வேண்டும். இன்னொரு நாள் என்றால் இரண்டு பேருக்கும் மறுபடி பஸ் செலவு. பறிக்கக் காத்திருக்கும் மல்லாட்டை இன்னும் ஒருநாள் மண்ணிலேயே கிடக்கும். கறவை மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் மறுபடியும் கேட்க வேண்டும்.

முதல்முறை வந்தபோது அப்படித்தான் ஆனது. எந்த பஸ், எந்தப் பக்கம் என்று தெரியாமல் முனையத்துக்குள்ளேயே அரைமணி நேரம் போய்விட்டது. பயத்தில் ஆட்டோ பிடித்தார்கள். ஊரிலிருந்து சுமார் 120 கி.மீ. வந்ததற்கு இரண்டு பேரும் கொடுத்த பஸ் கட்டணத்தைவிட, அங்கிருந்து 30 சொச்சம் கி.மீ.க்கு ஆட்டோவுக்குக் கொடுத்தது பல மடங்கு. அதற்குள் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் நெருக்க ஆரம்பித்துவிட்டன. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்திருந்தது.

இப்போது அவர்கள் ஆட்டோ பக்கம் திரும்புவதில்லை. கிளாம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு பேருக்கும் சேர்த்து ஆகும் செலவு 50 ரூபாயைத் தாண்டுவதில்லை. இடையில் அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்... சென்னையின் டிக்கெட் கணக்கு.

ஒரே ஊர்... மூன்று கல்லா!

தென்மாவட்டங்களிலிருந்து வரும் அரசு பஸ்கள் முன்பெல்லாம் கோயம்பேடு வரை போகும். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, விழுப்புரம், திருச்சி, மதுரைப் பக்கத்து பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை ‘சென்னை வந்துவிட்டது’ என்று அர்த்தம். ஆனால், வேலை இருக்கும் இடம் இன்னும் ஒருமணி நேரத் தொலைவில் இருக்கிறது. அந்தக் கடைசி 30 கி.மீ.தான் வெளியூர்க்காரரின் நேரத்தையும் பணத்தையும் சோதிக்கிறது.

சென்னைக்குள் ஆட்களை ஏற்றிச் செல்வது மூன்று நிர்வாகங்கள். சிட்டி பஸ்ஸை ஓட்டுவது மாநில அரசின் மாநகர் போக்குவரத்துக் கழகம். 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது இது. பழைய ஆட்கள் இன்றைக்கும் ‘பல்லவன்’ என்றே சொல்வதைக் கேட்கலாம். மின்சார ரயிலை ஓட்டுவது தெற்கு ரயில்வே. மெட்ரோ ரயிலை ஓட்டுவது மத்திய, மாநில அரசுகள் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் தனி நிறுவனம்.

மூன்றுக்கும் கல்லா வேறு. பஸ்ஸில் எடுத்த டிக்கெட் ரயிலில் செல்லாது. ரயில் டிக்கெட் மெட்ரோவில் செல்லாது. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால், முதல் கிலோமீட்டரிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கும். ஒரு சிட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொரு சிட்டி பஸ்ஸில் ஏறினால்கூட, பாஸ் இல்லாதவர் புதிய டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

விவசாயிக்கு இது புரியாத விஷயமில்லை. மூட்டை ஒவ்வொரு முறை கை மாறும்போதும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று விழுவதுபோலத்தான். வயலிலிருந்து நேராக மண்டிக்குப் போகும் மூட்டைக்கு ஒரே கூலி. வழியில் இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினால் மூன்று கூலி. சென்னைப் பயணத்திலும், வண்டி மாறுவது எத்தனை குறைகிறதோ, அத்தனைக்குப் பணம் மிச்சம். மாறித்தான் ஆக வேண்டுமென்றால், நீண்ட தூரத்தை எதில் போவது என்று முடிவு செய்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எல்லாமே டவுன் பஸ் அல்ல!

இரண்டாம் முறை வந்தபோது அந்த அம்மாவுக்கு ஒரு குழப்பம் வந்தது. ஊரில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அதே நினைப்பில் இங்கே முதலில் வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“டிக்கெட் எடும்மா.”

“பொம்பளைங்களுக்கு காசு இல்லியே தம்பி?”

“இது சொகுசு பஸ்மா. சாதா பஸ்ஸுலதான் ஃப்ரீ. பிங்க் கலர் பார்த்து ஏறணும்.”

சென்னையில் பார்க்க டவுன் பஸ் மாதிரியே இருந்தாலும் எல்லாம் ஒரே வகையில்லை. சாதாரணக் கட்டண பஸ், விரைவு பஸ், சொகுசு பஸ், ஏ.சி. பஸ் என்று பிரிவுகள் உண்டு. ஒரே வழித்தடத்தில், ஒரே நம்பரில்கூட இரண்டு வகை பஸ் ஓடும். கட்டணம் மட்டும் வேறு வேறு. அதனால், நம்பரைப் பார்த்தால் மட்டும் போதாது. பலகையையும் பஸ்ஸின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. இப்போது இதற்கு ‘விடியல் பயணம்’ என்று பெயர். சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும்தான் இது செல்லும். அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் 2022-லிருந்து இந்த பஸ்களின் முன்பக்கமும் பின்பக்கமும் பிங்க் நிறம் பூசினார்கள். இந்தச் சலுகைக்குச் சென்னைவாசியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. செஞ்சியிலிருந்து வந்தாலும் செங்கோட்டையிலிருந்து வந்தாலும் ஏறலாம். காசு இல்லை என்றாலும் கண்டக்டர் ஒரு சீட்டு கொடுப்பார். இறங்கும்வரை அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் திருநங்கைகளும் இதே பஸ்களில் கட்டணமின்றிப் போகலாம்.

மூத்த குடிமக்களுக்கான சலுகையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 டோக்கன் கொடுத்து, ஏ.சி. இல்லாத சிட்டி பஸ்ஸில் இலவசமாகப் போகவிடும் திட்டம் 2016-ல் வந்தது. இது சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். வெளியூர்ப் பெரியவர்கள் ஆதார் அட்டையைக் காட்டிக் கேட்டுப் பயனில்லை.

கட்டணம் போடும் முறைக்கு வருவோம். பஸ்ஸில் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, ‘ஸ்டேஜ்’ கணக்கில் இருக்கிறது. ஒரு வழித்தடத்தைச் சில நிறுத்தங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள். ஸ்டேஜ் முடியும் நிறுத்தத்தைத் தாண்டி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அடுத்த ஸ்டேஜுக்கான காசு விழும். பழகியவர்கள் ஸ்டேஜ் முடியும் இடத்திலேயே இறங்கி, மிச்சத்தை நடந்துவிடுவார்கள். இந்தக் கட்டணத்தைக் கடைசியாகப் பெரிய அளவில் உயர்த்தியது 2018 ஜனவரியில்.

நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் முக்கியம். ‘கட்’ என்று போட்டிருந்தால், அந்த பஸ் முழு வழித்தடமும் போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். ‘எக்ஸ்’ என்றால் வழக்கமான முடிவிடத்தையும் தாண்டிப் போகும். ‘எஸ்’ என்று தொடங்கினால் அது உள்தெருக்களில் ஓடும் சிற்றுந்து. ‘கட்’ பஸ்ஸில் ஏறிப் பாதியில் இறங்கினால், மீதித் தூரத்துக்கு இன்னொரு டிக்கெட்... அதாவது, இன்னொரு இறக்குக்கூலி. ஏறும் முன்பு “கடைசிவரைக்கும் போவுமா?” என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

சில்லறை இல்லை என்றால் கண்டக்டர் முகம் சுளிப்பது சென்னையில் பழைய கதை. 2024-லிருந்து கண்டக்டர்களுக்குக் கையடக்க டிக்கெட் கருவி கொடுக்கத் தொடங்கினார்கள். பல்லாவரம் பணிமனையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், போனில் கியூ.ஆர். கோடைப் படம்பிடித்தும் காசு செலுத்தலாம். ஆனாலும், அதிகாலையில் போன் சார்ஜ் இல்லாமல் வந்து இறங்குகிறவர்களுக்கு, சட்டைப்பையில் இருக்கும் 10 ரூபாய் நோட்டுகள்தான் துணை. டிக்கெட் இல்லாமல் செக்கிங்கில் சிக்கினால் 500 ரூபாய் வரை அபராதம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்குத் துணையாக மாதக்கணக்கில் தங்க வேண்டி வருகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1,000 ரூபாய்க்கு ஒரு மாத பாஸ் வாங்கினால், ஏ.சி. பஸ் தவிர மற்ற சிட்டி பஸ்களில் விருப்பம்போல எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஏ.சி. பஸ்ஸும் சேர்த்து வேண்டும் என்றால் 2,000 ரூபாய் பாஸ். நாளொன்றுக்கு இரண்டு மூன்று பஸ் மாறி, நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகும். சாதாரண பஸ்ஸில் மட்டுமே போகும் பெண்களுக்கு இது தேவையே இல்லை.

பத்து ரூபாயில் தாம்பரம் டு சென்ட்ரல்!

அந்தத் தம்பதிக்குச் சரியான வழியைக் காட்டியவர் ஒரு கீரைக்காரம்மா. தாம்பரம் ரயில் நிலையத்தில் கீரைக்கட்டைத் தலையிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஜி.எச்.சுக்கா போறீங்க? அதுக்கு எதுக்குண்ணா பஸ்ஸு? பத்து ரூபா டிக்கெட்டு. பார்க் ஸ்டேஷன்ல எறங்குனா நடந்தே போயிடலாம்.”

சென்னையில் மிக மலிவான பயணம் மின்சார ரயில்தான். கடற்கரை – தாம்பரம் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றைக்கும் இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சுமார் 20 கி.மீ. வரை அதே 5 ரூபாய்தான். அதற்குமேல் 45 கி.மீ. வரை 10 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை சுமார் 29 கி.மீ. போக 10 ரூபாய். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை 60 கி.மீ. போனால் 15 ரூபாய். தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான செலவு குறைந்துகொண்டே போவதால், நீண்ட தூரத்தை ரயிலில் போவதும், இரண்டு முனைகளில் மட்டும் பஸ் பிடிப்பதும்தான் லாபம்.

கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையங்கள் வண்டலூரும் ஊரப்பாக்கமும். அங்கேயும் ஏறலாம். ஆனால், செங்கல்பட்டிலிருந்து வரும் ரயில் காலையில் அங்கேயே நிரம்பி வழியும். நோயாளியோடு வருகிறவர்கள் சிட்டி பஸ்ஸில் தாம்பரம் வரை போய்விடுவது நல்லது. தாம்பரத்திலிருந்தே புறப்படும் ரயில்கள் அடிக்கடி உண்டு என்பதால் உட்கார இடம் கிடைக்கும். அந்தத் தம்பதி செய்வதும் இதுதான். கிளாம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு பிங்க் பஸ்ஸில் அம்மாவுக்குக் காசு இல்லை, அவருக்கு மட்டும் டிக்கெட். தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு ஆளுக்கு 10 ரூபாய். முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். வழியில் சாலை நெரிசல் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

ரயிலில் கட்டணம் குறைவு, ஆனால், சட்டம் கறார். பஸ் மாதிரி ஏறிவிட்டு டிக்கெட் எடுக்க முடியாது. கவுன்ட்டரிலோ, நிலையத்தில் இருக்கும் தானியங்கி இயந்திரத்திலோ, போனில் ரயில்வே செயலியிலோ முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். 10 ரூபாய் டிக்கெட்டுக்குச் சோம்பல்பட்டால், தாம்பரத்துக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் 25 முறை போகும் காசு ஒரே நாளில் போய்விடும்.

டிக்கெட் வாங்கியும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் பெட்டி. மின்சார ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியும் வெளியிலிருந்து பார்க்க மற்றப் பெட்டி மாதிரியே இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் அதில் ஏறிவிடுவார்கள். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு அதில் இருந்தால் அபராதம். மகளிர் பெட்டியில் மனைவியோடு கணவரும் ஏறினால் அதற்கும் அபராதம். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. அதில் கட்டணம் 35 ரூபாயில் தொடங்கி 105 ரூபாய் வரை போகிறது. சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு இதில் ஏறக் கூடாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கால் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. அன்றைக்கு ரயில்களின் எண்ணிக்கை குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் ரயில்களை நிறுத்தி வைப்பதும் உண்டு. முந்தைய நாள் செய்தித்தாளிலேயே அறிவிப்பு வரும். அதைப் பார்க்காமல் கிளம்பினால் நடைமேடையில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

செஞ்சிப் பக்கத்துக்காரருக்குத் தாம்பரம் போல, மற்ற திசைக்காரர்களுக்கும் ரயில் வழி இருக்கிறது. திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து மின்சார ரயில் நேராகச் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். வடக்கே கும்மிடிப்பூண்டியிலிருந்தும், ஆந்திராவின் சூலூர்பேட்டையிலிருந்தும் அப்படியே. இந்த ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கோ, கோட்டைக்கோ, பாரிமுனைக்கோ வருகிறவர்கள் பஸ் மாறவே தேவையில்லை. ஒரே டிக்கெட்டில் வேலை முடிந்துவிடும்.

கோயம்பேட்டிலிருந்து திரும்பும் கணக்கு

அதே தம்பதியின் பக்கத்து வயல்காரருக்கு வேறு மாதிரியான சென்னை. அவர் கத்திரிக்காய் போடுகிறார். பறித்த காயை மினி லாரியில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்பேடு மார்க்கெட்டுக்கு வருவார். கொத்தவால்சாவடியிலிருந்து 1996-ல் இடம் மாறிய மார்க்கெட் இது. விடிவதற்குள் ஏலமும் எடையும் முடிந்து, கமிஷன் மண்டியில் பணத்தை வாங்கும்போது காலை 7 மணி ஆகிவிடும். லாரி வேறு லோடு ஏற்றிக்கொண்டு போய்விடும். அவர் தனியாக ஊர் திரும்ப வேண்டும்.

கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நேரடி சிட்டி பஸ் இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே டிக்கெட். செலவைப் பார்த்தால் இதுதான் சரி. ஆனால், காலை 8 மணிக்கு மேல் அந்தச் சாலையில் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுப்புரம் பக்கம் போகும் பஸ்ஸை உடனே பிடிக்க வேண்டும் என்றால், அவர் மெட்ரோவைப் பிடிப்பார்.

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ல் முதன்முதலாக ஓடியதே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையில்தான். மெட்ரோ கட்டணம் முழுக்க முழுக்கத் தூரக் கணக்கு. 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்ட கட்டணப்படி 2 கி.மீ. வரை 10 ரூபாய், 5 கி.மீ. வரை 20, 12 கி.மீ. வரை 30, 21 கி.மீ. வரை 40, அதற்குமேல் எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாய். பயண அட்டையிலோ போன் வழியாகவோ டிக்கெட் எடுத்தால் 20 சதவிகிதம் தள்ளுபடி. 30 ரூபாய் டிக்கெட் 24 ரூபாய்க்குக் கிடைக்கும்.

கோயம்பேட்டில் ஏறினால் வண்டி மாறாமல் பரங்கிமலை வரை போகலாம். கட்டணம் 30 ரூபாய். பரங்கிமலையில் மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும் நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே இறங்கி, கவுன்ட்டரில் 5 ரூபாய் டிக்கெட் எடுத்து வண்டலூர் போய்விடலாம். ஆக, 35 ரூபாய். மெட்ரோவில் வந்த 11 கி.மீ.க்கு 30 ரூபாய், அதைவிடக் கூடுதலான தூரத்துக்கு ரயிலில் 5 ரூபாய். மூன்று கல்லா என்பதன் பொருள் இங்கேதான் பளிச்சென்று தெரியும். வண்டலூரிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு இன்னொரு சிறு பஸ் பயணம். பணம் கூடுதல், நேரம் மிச்சம். கையில் மண்டிப் பணம் இருக்கும் நாளில், நெரிசல் இல்லாத மெட்ரோவில் போவது பாதுகாப்பும்கூட என்பார் அவர்.

மெட்ரோவில் பழக வேண்டியது ஒன்று உண்டு. டிக்கெட்டை யாரும் கேட்டு வாங்கிக் கிழிக்க மாட்டார்கள். உள்ளே போகும்போது கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியில் டிக்கெட்டைக் காட்டினால்தான் வழி திறக்கும். இறங்கும் இடத்திலும் அதே டிக்கெட்டைக் காட்டினால்தான் வெளியே போக முடியும். அதனால், உள்ளே வந்ததும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒரு பயண அட்டையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் போகலாம். கணவரும் மனைவியும் ஒரே அட்டையை அடுத்தடுத்துத் தேய்க்க முடியாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் கவுன்ட்டரில் காகித டிக்கெட் கொடுப்பார்கள்.

சுமையோடு வரும் பெண்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர்கள், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாள அட்டையைக் காட்டினால், குழு தயாரிக்கும் பொருள்களை 25 கிலோ வரை அரசு பஸ்களில் சுமைக்கட்டணம் இல்லாமல் 100 கி.மீ. வரை எடுத்துப்போகலாம். ஏ.சி. பஸ்களில் இது கிடையாது. மாவு, ஊறுகாய், சிறுதானியப் பலகாரம் என்று கண்காட்சிகளுக்குக் கொண்டு வரும் குழுக்களுக்கு, சுமைக்குக் கொடுக்கும் காசு மிச்சமாவது சின்ன விஷயமில்லை.

ஒரே அட்டை, ஒரே செயலி... ஆனால், ஒரே கட்டணம்?

மூன்று கல்லாவையும் ஒன்றாக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. இதற்காகவே ‘கும்டா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2010-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. முதலமைச்சர்தான் இதன் தலைவர்.

2023-ல் ‘சிங்காரச் சென்னை’ என்ற பயண அட்டை மெட்ரோவில் அறிமுகமானது. 2025 ஜனவரியிலிருந்து அதே அட்டையைச் சிட்டி பஸ்ஸிலும் பயன்படுத்தலாம். பணத்தை ஏற்றி வைத்துக்கொண்டால் சில்லறைத் தொல்லை இல்லை. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் போனிலேயே டிக்கெட் எடுக்கலாம். எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று போட்டால், எந்த பஸ், எங்கே மாறுவது, எவ்வளவு ஆகும் என்றும் காட்டும். ஸ்மார்ட்போன் பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெரியவர்கள் கிளம்பும் முன்பே இதில் பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம். கிளாம்பாக்கத்தில் அரைமணி நேரம் திண்டாடுவது மிச்சமாகும்.

ஆனால், செயலி ஒன்றானதால் கட்டணம் ஒன்றாகிவிடவில்லை. பஸ்ஸுக்கு பஸ் கட்டணம், மெட்ரோவுக்கு மெட்ரோ கட்டணம் என்று கூட்டித்தான் எடுக்கிறார்கள். மூன்று கூலியை ஒரே ரசீதில் எழுதிக் கொடுத்தாலும், அது மூன்று கூலிதான். ‘புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஒரே கட்டணம்’ என்று ஆகும் நாளில்தான், நகருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்ட வெளியூர்ப் பயணிக்கு முழு நியாயம் கிடைக்கும். கிளாம்பாக்கத்தைத் திறந்தவர்கள் அங்கே ரயில், மெட்ரோ வசதியையும் சேர்த்தே திறந்திருந்தால், எத்தனையோ பேரின் முதல்நாள் ஆட்டோ செலவு மிச்சமாகியிருக்கும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கி.மீ.க்கு மெட்ரோ தடத்தை நீட்டும் திட்டம் அரசிடம் இருக்கிறது. அது வரும்வரை, மலிவான வழி தாம்பரம் வழிதான்.

சாயங்காலம் மாடு கறக்கலாம்!

இப்போதெல்லாம் அந்தத் தம்பதி பார்க் ஸ்டேஷனில் இறங்கும்போது 7 மணிகூட ஆகியிருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ. வரிசையில் முன்னால் நின்று ஓ.பி. சீட்டு. டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடிக்கும்போது மதியம். போகும்போது வந்த வழியேதான்... பார்க் ஸ்டேஷன், தாம்பரம், பிங்க் பஸ், கிளாம்பாக்கம்.

போன முறை தாம்பரம் நடைமேடையில், கையில் ஆஸ்பத்திரி நோட்டோடு இன்னொரு தம்பதி திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் பக்கமாம். கணவர் முதல் வகுப்புப் பெட்டியில் காலை வைக்கப் போனார்.

“அண்ணே, அது வேணாம். இந்தப் பொட்டியில ஏறுங்க. ஜி.எச்.சுதானே? எங்களோட வாங்க, பத்து ரூபாதான்” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார் செஞ்சிக்காரர். கீரைக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரி மாறாமல் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார் அவர் மனைவி.

அன்றைக்குச் செஞ்சி பஸ்ஸில் ஏறும்போது, “ஏங்க, பொழுது சாயறதுக்குள்ள போயிடுவோமில்ல? மாடு நமக்காகக் காத்துக்கிட்டிருக்கும்” என்று கேட்டார் அந்த அம்மா.

போய்விட்டார்கள். அன்றைக்கு மாட்டை அவரேதான் கறந்தார்.

புறப்படும் முன்பு...

• 10, 20 ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

• பெண்கள் பிங்க் பஸ்ஸாகப் பார்த்து ஏற வேண்டும். கட்டணமில்லாச் சீட்டையும் இறங்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

• பஸ் நம்பரோடு ‘கட்’ என்று இருந்தால், எதுவரை போகும் என்று கேட்டுவிட்டு ஏற வேண்டும்.

• ரயிலில் ஏறும் முன்பே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். முதல் வகுப்பு, மகளிர் பெட்டி, ஏ.சி. ரயில் ஆகியவற்றைக் கவனித்து ஏற வேண்டும்.

• மெட்ரோ டிக்கெட்டை வெளியே வரும்வரை தூக்கிப் போடக் கூடாது.

• நீண்ட தூரத்துக்கு ரயில், முனைகளுக்கு மட்டும் பஸ், அவசரத்துக்கு மெட்ரோ.